மின்கம்பியாளர் எந்த மொழியில் சட்டம் படிப்பது?

திருமுக்கூடல் என்றதும் நம் இலக்கிய அன்பர்களுக்கு ஒரு கல்வெட்டு நினைவுக்கு வரும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்தக் காஞ்சிபுரத்துப் பக்கத்து ஊரில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீரராசேந்திர சோழன் ஆட்சியில் வெட்டப்பட்டது அது. வேதமும் வியாகரணமும் கற்பித்த கல்லூரி, மாணவர் தங்க விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஆகியவற்றை அது சொல்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல், மூலிகை கொணர்வோருக்கு இவ்வளவு, பணிப்பெண்களுக்கு இவ்வளவு, நாவிதருக்கு இவ்வளவு, இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. எந்தக் கருத்தரங்கிலும் இதைச் சொன்னால் கைதட்டல் உறுதி.

அந்தப் பெருமிதத்தில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் கைதட்டுகிறவர்கள் கவனிக்காத ஒன்று அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. அதில் வரும் மருந்துப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே வடமொழி. தைலங்களும் கிருதங்களும் அரீதகிகளுமாக வரிசை நீள்கிறது. அவற்றைத் தமிழாக்க யாரும் முயலவில்லை. ஆனால் யார் என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு என்ன பெறுவார் என்பதைச் சொல்லும் வாக்கியம் தமிழ். கடமையை ஏற்றவன் அறியும் மொழியில் கடமை எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது அதே வட்டாரத்துக்கு வருவோம். வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டு ஒயரிங் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குப் படிக்கிறார்கள். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் இத்தேர்வின் அறிவிப்பு நாளிதழ்களின் உள்பக்கத்தில் நான்கு வரியாக வரும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஒயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். தேறியவர் அடுத்து மின்கம்பியாளர் சான்றிதழுக்கும், மேற்பார்வையாளர் சான்றிதழுக்கும் ஆசைப்படலாம். படிக்கட்டின் உச்சியில் இருப்பது மின் ஒப்பந்தக்காரர் உரிமம். அதை வழங்குவது சென்னையிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

உரிமம் பெற்றவர் பொறுப்பில், சான்றிதழ் பெற்றவர் மேற்பார்வையில் அல்லாமல் ஒயரிங் செய்யக் கூடாது என்கிறது சட்டம். தேர்வுக்கு வருகிறவன் ஐந்தாண்டு ஒயரிங் செய்திருக்க வேண்டும் என்கிறது அறிவிப்பு. காகிதத்தில் இதில் முரண்பாடு இல்லை. அவன் உரிமம் பெற்ற ஒருவரிடம் உதவியாளாக இருந்தான் என்று கொள்ள வேண்டும். நடைமுறையில் அந்த ஒருவர் பல வேளைகளில் ஒரு கையெழுத்தாகவும் ஒரு முத்திரையாகவும் மட்டுமே இருக்கிறார் என்பதை ஊரில் வீடு கட்டிய எவரும் அறிவர். உரிமம் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில். அந்தக் கை யாரிடம் சட்டம் கற்றது?

கேள்வித்தாள் எந்த மொழியில் இருந்தாலும் அதன் வேர் ஓரிடத்தில்தான் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், அவற்றுக்குப் பின் மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், அவற்றின் இடத்தில் 2023இல் வந்த புதிய ஒழுங்குமுறைகள். இவை மத்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. மீறினால் தண்டனை உண்டு, உயிரும் போகலாம். மீறக்கூடாதவன் படிக்கும் மொழியில் மட்டும் அது இல்லை. அவனுக்குக் கிடைப்பது கேள்வி-பதில் கைடு. ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்று நானூறு ஐந்நூறு வினாக்கள். விடை தெரியும், விடைக்குக் காரணம் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தமிழில் பாடநூல்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை வகுப்பறைக்கானவை, சட்டத்தின் வாக்கியத்துக்கு அவை ஈடாகா.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். உரிமம் இல்லாதவர் எதைத் தொடலாம் என்பதற்குச் சட்டம் ஒரு விலக்கு தருகிறது. விளக்கு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்ச், வீட்டு உபகரணம் ஆகியவற்றை மாற்றிப் போடலாம். ஆனால் அம்மாற்றம் நிறுவலின் திறனையோ தன்மையையோ எவ்வகையிலும் மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 1956இலிருந்து வரும் விலக்கு இது. ‘தன்மை’ என்றால் என்ன? ஐந்து ஆம்பியர் பிளக் இருந்த இடத்தில் கிரைண்டருக்காகப் பதினைந்து ஆம்பியர் பிளக் போட்டால், உள்ளே ஓடும் பழைய மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் சுவருக்குள் சூடேறும். பார்ப்பவருக்கு அது வெறும் ‘பிளக் மாத்துற வேலை’. சட்டத்தின் கண்ணில் நிறுவலின் தன்மையே மாறிவிட்டது. இந்த வேறுபாட்டை நல்ல தமிழில் நான்கு வரியில் எழுதி எந்த ஒயர்மேனிடம் கொடுத்தாலும் அவர் புரிந்துகொள்வார். எழுதத்தான் ஆளில்லை.

‘மின்சாரத்தைத் தமிழில் சொல்ல முடியாது’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்காக இன்னொன்று. பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். விழாது. அறுபது வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். மனிதரைக் காப்பதற்கென வைக்கும் மின்கசிவுத் தடுப்பான் 30 மில்லி ஆம்பியருக்குள் துண்டிக்க வேண்டும் என்று கணக்கு. அதாவது அந்தப் பல்பு குடிப்பதில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். ஆறு ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு கண்ணிலேயே படாது. அது கம்பியைக் காக்க வந்தது, ஆளைக் காக்க அல்ல. மின்கசிவுத் தடுப்பானோ போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. குறைந்தால், குறைந்தது யாரோ ஒருவர் உடல்வழி மண்ணுக்குப் போகலாம் என்று கொண்டு துண்டிக்கிறது. 2010 ஒழுங்குமுறைகளில் 5 கிலோவாட் முதல் கட்டாயமாக இருந்த இக்கருவி, 2023இல் 2 கிலோவாட்டாக இறக்கப்பட்டது. சின்ன வீடுகளும் உள்ளே வந்துவிட்டன. செய்தி மட்டும் அந்த வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவனிடம் அவன் மொழியில் போகவில்லை.

காஞ்சிபுரத்தில் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. குழித்தறியில் அமரும் நெசவாளியின் கால்கள் தரைமட்டத்துக்குக் கீழே, மண்ணுக்கு அருகில் இருக்கின்றன. மழைக்காலத்தில் அந்தக் குழி ஈரம் கோக்கும். தலைக்கு மேல் விளக்கு. சில தறிகளில் இப்போது கணினியால் இயங்கும் ஜக்கார்டும் ஏறியிருக்கிறது. ஈரத்தில் காலும், இரும்பில் கையுமாக நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் தொழில் வேறு எத்தனை உண்டு? கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி என்று 2023இல் அரசு உயர்த்தியது, வரவேற்கிறோம். அந்த 300 யூனிட் எந்தக் கம்பிவழி, எந்த எர்த்தோடு வருகிறது என்பதற்கும் அதே அக்கறை வேண்டும். தனி எர்த் கம்பி இழுக்கச் செலவு என்று, பிளக்கில் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. நியூட்ரல் எங்கோ அறுந்தால் அந்தத் துண்டுக் கம்பிவழியாகவே கருவியின் உலோக உடல் முழுதும் மின்சாரம் ஏறும். இதைச் செய்கிறவன் அயோக்கியன் அல்லன். ‘ரெண்டும் கடைசியில பூமிக்குத்தானே போகுது’ என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்புகிறவன்.

எங்கள் மேல் மூன்று கணைகள் வரும் என்பதை அறிவோம்.

ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டுமே என்பது முதலாவது. மின்வேலையின் சட்டப்புத்தகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இலண்டனில் 1882இல் தந்திப் பொறியாளர் சங்கம் சில பக்க அளவில் முதல் விதிகளை வெளியிட்டது. அதன் வழிவந்த தடித்த நூலை எல்லாரும் படிக்க முடியாது என்பதால், வேலையிடத்தில் கையில் வைத்துக்கொள்ள எளிய கையேடு ஒன்றையும் அங்கே தனியாக அச்சிடுகிறார்கள். ஆங்கிலமே தாய்மொழியான தொழிலாளிக்கு இந்தச் சலுகை! அமெரிக்காவில் தேசிய மின் விதித்தொகுப்புக்கு ஸ்பானியப் பதிப்பு உண்டு. கட்டடங்களில் கம்பி இழுப்போரில் பலர் ஸ்பானியம் பேசுகிறவர்கள் என்பதை அந்நாடு அறியும். தமிழ்நாட்டில் தமிழன் கேட்டால் மட்டும் அது பிரிவினையா?

இரண்டாவது கணை நம் பக்கத்திலிருந்தே வரும். ‘முதலில் கலைச்சொல் முடிவாகட்டும்.’ சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்குச் சங்கம் வைத்தது 1916இல். நூறாண்டு கடந்தும் எர்த்திங்கைப் புவித்தொடுப்பு என்பதா, நிலத்தொடர்பு என்பதா, தரையிணைப்பு என்பதா என்று சண்டையிடுகிறோம். சண்டை முடியும்வரை வாக்கியம் எழுதப்படுவதில்லை. அதற்கும் முன்பே யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் தம் மாணவருக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நாலாயிரம் பக்கத்துக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். சொல் முடிவாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வகுப்பில் மாணவர் உட்கார்ந்திருந்தனர். பேஸ், நியூட்ரல், எர்த், ஹோல்டர், லோடு என்பவை ஒயர்மேனின் சொற்கள். அவை அப்படியே இருக்கட்டும். கல்வெட்டில் அரீதகி இருந்ததால் தமிழ் அழியவில்லை. தூய சொல்லைத் தேடுகிறவர்கள் தேடட்டும், எங்களுக்குப் பகையில்லை. ஆனால் வினைமுற்று தமிழில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது. உரைநடையைத் தொழிலாகக் கொண்டவர்கள் கேட்கக் கூசவேண்டிய கேள்வி இது. ஒரு வாக்கியம் தெளிவாக இருக்கிறதா, இருபொருள் படுகிறதா, எங்கே நிறுத்தற்குறி விழுந்தால் பொருள் கவிழும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? மொழிபெயர்ப்புக்கு விருது வாங்குகிறோம். பிரெஞ்சிலிருந்தும் ஸ்பானியத்திலிருந்தும் நாவல்களைக் கொணர்கிறோம். 2010 ஒழுங்குமுறைகளில் ஓர் எண் உண்டு. தெருவைக் குறுக்கே கடக்கும் உயரழுத்தக் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது. தேர் கட்டும் ஊர்களில் தச்சரும் விழாக் குழுவினரும் தெரிந்துகொள்ள வேண்டிய எண். 2022 ஏப்ரல் 27 விடியலில் தஞ்சை களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். தமிழில் ஒரு கையேடு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லும் அற்பத்தனம் எங்களுக்கு இல்லை. ஆயினும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கும் திருமுக்கூடலுக்கும் எழுந்தருளும்போது கூடும் கூட்டத்தை எண்ணிப் பார்க்கிறோம். பந்தலுக்கும் சீரியல் செட்டுக்கும் தற்காலிக இணைப்பு எடுக்கும் பையனின் சட்டைப்பையில் என்ன தாள் இருக்க வேண்டும்? அதை எழுதித் தர நம்மைத் தடுப்பது எது?

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. மத்தியச் சட்டங்களையும் அவற்றின் கீழான விதிகளையும் ஒழுங்குமுறைகளையும் மாநில மொழிகளில் அதிகாரபூர்வமாக வெளியிட 1973ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆகவே கேட்பது சலுகையன்று. 2023ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அச்சட்டத்தின்படி தமிழில் வர வேண்டும். தேர்வு அறிவிப்போடு எந்த நூலிலிருந்து கேட்கப்படும் என்பது சொல்லப்பட வேண்டும். அந்த நூல் தமிழில், ஐ.டி.ஐ. வாசலில், ஒரு நாள் கூலியில் சிறு பகுதிக்குக் கிடைக்க வேண்டும். ஒயர்மேன், மின்வாரியப் பொறியாளர், தமிழ் உரைநடை எழுதத் தெரிந்த ஒருவர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை எழுத வேண்டும். எழுதியதை ஒயர்மேனுக்கு வாசித்துக் காட்டி, அவர் திருப்பிச் சொல்வது சரியாக இருந்தால்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

அரசு அசையும்வரை காத்திராமல் எர்த்திங் பற்றிய பகுதியை எங்களில் சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறோம். குழியின் ஆழமும் கரியும் உப்பும் நீர் ஊற்ற வேண்டிய காலமும் எளிதாகவே தமிழில் அமைந்துவிட்டன. விலக்கு விதியில் வரும் அந்தத் ‘தன்மை’தான் இன்னும் மடங்கவில்லை. ‘கம்பியின் கனமோ, பெட்டியின் அளவோ, இழுக்கும் லோடோ மாறினால் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறோம். வாரியத்தின் பொருள்கோள் இதனினும் விரிவானதா குறுகியதா என்பதை அறிந்த பொறியாளர்கள் இருந்தால் திருத்தித் தரட்டும்.