பட்ஜெட் மதிப்பீடுகளைச் சரிபார்க்கத் தன்னாட்சி நிதி மன்றம் கோரும் மனு

பெறுநர்: மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் அவர்கள், புது தில்லி.

மாண்புமிகு அம்மையீர்,

அரசுக் கணக்குப் பணிகளிலிருந்து ஓய்வுபெற்றோர் சங்கமாகிய நாங்கள், ஒன்றிய பட்ஜெட்டின் வரவு, செலவு, பற்றாக்குறை மதிப்பீடுகளை நிதி அமைச்சகத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு சரிபார்த்து நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்று கோருகிறோம்.

2019 பிப்ரவரி 1 அன்று தாக்கலான இடைக்கால பட்ஜெட், 2018-19இல் ஒன்றிய அரசின் நிகர வரி வருவாய் 14.84 லட்சம் கோடி ரூபாய் என்றது. நிதியாண்டு முடிய அப்போது இரண்டு மாதமே மீதம். வந்து சேர்ந்ததோ 13.17 லட்சம் கோடி. இவ்வளவு பெரிய துண்டு விழுந்தும் நிதிப் பற்றாக்குறை சொன்னபடி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.4 விழுக்காட்டிலேயே நின்றது. உணவு மானியத்துக்குத் திருத்திய மதிப்பீட்டில் காட்டிய 1.71 லட்சம் கோடியில் சுமார் 1.02 லட்சம் கோடியே தரப்பட்டது என்பது இதற்கு முக்கியக் காரணம். இந்திய உணவுக் கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியத்தின் கடனைக் கொண்டு சமாளித்தது. கொள்முதலும் ரேஷன் விநியோகமும் நடந்தன. அவற்றின் செலவில் கடனால் ஈடுசெய்த பகுதி பற்றாக்குறைக் கணக்கில் ஏறவில்லை. மே இறுதியில் தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் உண்மை வசூலை வெளியிட்ட பிறகும், ஜூலை பட்ஜெட் பழைய திருத்திய மதிப்பீட்டின் மீதே எழுதப்பட்டது. அந்த பட்ஜெட்டின் ஆண்டான 2019-20இல் பற்றாக்குறை இலக்கு 3.3 விழுக்காடு, முடிவு 4.6. செப்டம்பரில் நிறுவன வரியைக் குறைத்ததற்கும் இதில் பங்குண்டு. ஆனால் தொடக்கப்புள்ளியே தவறாக இருந்ததை மறுக்க இயலாது.

இது ஒரு கட்சியின் மீதான குற்றச்சாட்டு அல்ல. வேறொரு கூட்டணி ஆண்ட 2008-09இல் 2.5 விழுக்காடு என்ற பற்றாக்குறை மதிப்பீடு சுமார் 6 விழுக்காட்டில் முடிந்தது. உலக நிதி நெருக்கடியை எவரும் பிப்ரவரியில் கணித்திருக்க முடியாதுதான். ஆயினும் விவசாயக் கடன் தள்ளுபடி அதே பட்ஜெட் உரையில் அறிவிக்கப்பட்டது. ஆறாவது ஊதியக்குழுவின் பரிந்துரை வரவிருந்ததும் தெரிந்ததே.

2021இல் சிறுசேமிப்பு நிதியக் கடனை நிறுத்தி, உணவுக் கழகத்தின் பாக்கியைத் தாங்கள் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்ததை மனமாரப் பாராட்டுகிறோம். 2023-24இல் 5.9 என மதிப்பிட்ட பற்றாக்குறை 5.6இல் முடிந்தது. நிலைமை திருந்திவிட்டதே, புதிய அமைப்பு எதற்கு என்று கேட்கலாம். இன்றைய ஒழுங்கு ஆட்சியாளரின் விருப்பத்தில் நிற்கிறது. அடுத்து வருபவரையும் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையர் இருக்கிறாரே என்பது இன்னொரு வாதம். அவர் நடந்து முடிந்த செலவைத் தணிக்கை செய்கிறார். பட்ஜெட்டுக்கு உறுப்பினர்கள் வாக்களிக்கும்போது முன்னிருக்கும் கணிப்பு நம்பத்தக்கதா என்று சொல்வது அவர் பணியன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அதிகாரமும் புதிய அமைப்பால் குறையாது. அமெரிக்காவில் 1975 முதலும் பிரிட்டனில் 2010 முதலும் இத்தகைய அமைப்புகள் இயங்குகின்றன. வரியையும் செலவையும் முடிவு செய்வது அங்கும் அரசியல் தலைமையே.

பதினான்காவது நிதிக்குழுவும், என்.கே. சிங் தலைமையிலான குழு 2017இலும் இதையே பரிந்துரைத்தன. எனவே தன்னாட்சி நிதி மன்றத்தைச் சட்டத்தின் வழி அமைக்கவும், பொது நிறுவனங்கள் அரசுக்காக வாங்கும் கடனையும் சேர்த்த பற்றாக்குறையை ஆண்டுதோறும் அறிவிக்கவும், மதிப்பீட்டுக்கும் உண்மைக் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தலைப்புவாரியாக நாடாளுமன்றத்தில் விளக்கவும் வேண்டுகிறோம். அதற்கான மசோதாவை வரும் பட்ஜெட் கூட்டத்தொடரிலேயே கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்