முப்பத்தைந்துக்கு எக்ஸ் எதற்கு?

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் தேறுவதற்கு இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வடிவியலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கு டீச்சர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். கணக்கு டீச்சருக்குத்தான் இது தெரியும். நம் மாநில வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். வரைந்து வரைந்து கை பழகிவிட்டால் 16. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. பாடத்துக்குப் பின்னால் இருப்பவற்றை உருப்போட்டால் 9 தேறும். இரண்டு மதிப்பெண் கேள்விகளில், சூத்திரத்தை எழுதி எண்ணைப் போட்டால் விடை விழும் ரகமாகப் பார்த்து ஐந்து எழுதினால் 10. கூட்டினால் 35. மொத்தம் 50 மதிப்பெண் பெறும் ஐந்து மதிப்பெண் பகுதியின் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

இந்தக் கூட்டல் எல்லாக் கணக்கு ஆசிரியருக்கும் அத்துப்படி. அரையாண்டு முடிந்ததும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று தயாராகும். அதில் இருப்பவர்களைத் தனியாக உட்காரவைத்து, மினிமம் மெட்டீரியல் என்று நாலைந்து தாளைக் கையில் கொடுத்து, இந்த 35-ஐத்தான் ஊட்டுகிறோம். மேலிடத்திலிருந்து வரும் கேள்வியும் ஒன்றே ஒன்று: “உங்க சப்ஜெக்ட்ல எத்தனை பேர் தேறமாட்டாங்க டீச்சர்?” பிள்ளைக்கு எது புரியவில்லை என்று இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9எக்ஸ் பிளஸ் 20 சமம் பூஜ்யம். வரைபடம் மூலம் தீர்க்க வேண்டும். அட்டவணை போடுவார்கள். எக்ஸ் 4 என்றால் ஒய் பூஜ்யம். 5 என்றாலும் பூஜ்யம். கட்டத்தாளில் புள்ளிகளை அழகாக வைப்பார்கள். அடுத்து ஸ்கேலை எடுப்பார்கள். புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு! வளைந்து போக வேண்டிய பரவளையம் முட்டி மடக்கி நிற்கும். இதில் பெரிய கூத்து 4-க்கும் 5-க்கும் நடுவே. அங்கே கோடு எக்ஸ் அச்சின் மேலேயே படுத்துவிடும். அப்படியானால் 4.1, 4.3, 4.9 எல்லாமே அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு என்றாகிறது. ஒரு பையனைக் கூப்பிட்டு, “எக்ஸுக்கு 4.5 போட்டுப் பாருடா” என்றேன். நன்றாகவே போட்டான். 20.25-லிருந்து 40.5 போய், 20 கூடி, மைனஸ் 0.25 வந்தது. “அப்போ கோடு அச்சுக்கு மேலயா, கீழயா?” என்று கேட்டேன். பரிதாபமாகப் பார்த்தான். “மிஸ், 4.5 டேபிள்லயே இல்லையே?”

அந்தக் கால் அலகுப் பள்ளத்தில்தான் விஷயமே இருக்கிறது. வளைவரை கீழே இறங்கித் திரும்ப ஏறுவதால்தான் அச்சை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. அதனால்தான் இரண்டு தீர்வுகள். இதைச் சொல்ல ஒரு பீரியட் போதும். ஆனால் 4, 5 என்ற தீர்வுகள் வரைபடம் வரைவதற்கு முன்னாலேயே அவன் தாளின் அடியில் எழுதியாகிவிட்டது. கோடு எங்கே வெட்டினாலும் விடை மாறப்போவதில்லை. மனப்பாடம் அவ்வளவு கெட்டி.

வடிவியலின் நிலை இன்னும் மோசம். தேல்ஸ் தேற்றத்தை எழுதி நிறுவச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஏபிசி என்ற முக்கோணம், பிசிக்கு இணையாக டிஇ, கூற்று, காரணம் என்று அச்சடித்த மாதிரி வரும். ஒரு நாள் முக்கோணத்துக்குப் பிக்யூஆர் என்று பெயர் வைத்து, இணைகோட்டையும் கொஞ்சம் சாய்த்து வரைந்தேன். வகுப்பே கப்சிப். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, “மிஸ், இந்தத் தேற்றம் நீங்க நடத்தவே இல்ல” என்றாள். எழுத்தை மாற்றியதும் தேற்றமே மாறிவிட்டது அவளுக்கு. ஒரு முக்கோணத்தைப் பற்றிச் சொல்வது எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும் என்பதற்காகத்தானே நிரூபணம் என்று ஒன்றை எழுதுகிறோம்? அது போய்ச் சேராவிட்டால் அவள் எழுதியது வெறும் கட்டுரை.

இதெல்லாம் பத்தாம் வகுப்பில் திடீரென்று முளைத்த சீக்கு இல்லை. தொடக்கப் பள்ளியில் ‘5 + 3 = 8 + 2 = 10’ என்று ஓட்டமாக எழுதிப் பழகிய கை அது. சமன் குறி என்றால் ‘இதோ விடை’ என்றுதான் அதற்கு அர்த்தம். இடது பக்கம் இருப்பதும் வலது பக்கம் இருப்பதும் ஒரே மதிப்பு என்று யாரும் அந்தப் பிள்ளையை நிறுத்திச் சொன்னதில்லை. அப்புறம் ஏழாம் வகுப்பிலோ டியூஷனிலோ ஒரு குறுக்கு வழி வந்து சேரும்: “அந்தப் பக்கம் போனா குறி மாறும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் ‘3எக்ஸ் = 12’ என்பதைப் பார்த்ததும் 3-ஐ அந்தப் பக்கம் தள்ளி, குறியை மாற்றி, 12 மைனஸ் 3, எக்ஸ் சமம் 9 என்று எழுதும். மூவொன்பது 27 ஆயிற்றே, 12 எப்படி வரும் என்று போட்டுப் பார்க்கிற வழக்கமே கிடையாது. விடை சரியா என்று பார்ப்பது டீச்சர் வேலை. சிவப்பு மை அதற்குத்தானே!

‘3எக்ஸ் + 2’ என்று வந்தால் கூட்டி ‘5எக்ஸ்’ ஆக்காமல் தூக்கம் வராது. ஏன் என்று யோசித்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஐந்து வருடம் கூட்டல் குறியைப் பார்த்தால் கூட்டு, ஒற்றை எண்ணாக விடை எழுது என்று பழக்கிவிட்டு, திடீரென்று ‘இதை இப்படியே விட்டுவிடு, இதுதான் விடை’ என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? அதை நம்பவைப்பதுதான் இயற்கணிதத்தின் முதல் பாடம். அதற்கு அவசரப்படாத ஒரு மாதம் வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது இரண்டு நாள்.

ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயருக்கு வருகிறேன். ‘ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்’ என்று முடித்துவிடுகிறார்கள் என்று எல்லா ஆசிரியரும் தலையில் அடித்துக்கொள்கிறோம். ஓர் அட்டையில் பக்கம் ஏ பிளஸ் பி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, அதை நாலு துண்டாக்கினால் போதும்: பெரிய சதுரம் ஒன்று, சின்னச் சதுரம் ஒன்று, ஒரே அளவுச் செவ்வகம் இரண்டு. அந்த இரண்டு செவ்வகம்தான் நடுவில் வரும் 2ஏபி. இயற்கணிதமும் வடிவியலும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. பிள்ளைகள் அட்டையை ஒன்றுசேர்த்துப் பிரித்து, “அட, ஆமால்ல!” என்பார்கள். அன்றைக்குப் பார்த்து வாசலில் ஓர் அதிகாரி வந்து நிற்பார். “போர்ஷன் எது வரைக்கும் முடிஞ்சிருக்கு?”

போர்ஷன் எப்படி முடியும்? முக்கால் மணி நேர பீரியடில் செல்போனை எடுத்து எமிஸ் என்ற துறைத் தளத்தில் மாணவர் விவரம் ஏற்ற வேண்டும். யாருடைய ஆதார், யாருடைய வங்கிக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுற்றறிக்கைக்குப் பதில் அனுப்ப வேண்டும். மிச்சமிருக்கும் நேரத்தில் செய்முறை வடிவியல். பெட்டியைத் திறந்தால் காம்பஸின் திருகு லூசாக இருக்கும். வட்டம் கிளம்பிய இடத்துக்கு வந்து சேராது. ஒரு நூல் இடைவெளி விட்டு வெளியே போய்விடும். பென்சில் முனை சுண்டுவிரல் கனம். அதில் தொடுகோடு வரைந்தால் அது வட்டத்தைத் தொடுகிறதா, வெட்டுகிறதா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிபதி வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் போட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைத் திட்டுவார்கள். ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019-ல் இங்கே அறிவிப்பு வந்து, 2020 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டதைச் சொல்லி வருத்தப்படுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சமன் குறி புரியாத பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைத்து, அதே அவசரத்தில் அதையே நடத்தினால் புரிந்துவிடுமா? ஃபெயில் போடுவது தண்டனை. அது பாடம் இல்லை.

பள்ளிக்கு உள்ளே இப்படி என்றால், வெளியே கேலி. கல்யாண வீட்டுப் பந்தியில் என் சித்தப்பா மகன் ஆரம்பித்தான். “அக்கா, ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்னு உயிரை எடுத்தாங்களே, எந்த மளிகைக் கடையிலயாவது அதைக் கேட்டாங்களா?” பக்கத்து இலைக்காரர் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதே வாயோடு, தான் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பதையும் சொன்னான். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம்: ஒரு ஜோடி 42 அடி, இன்னொரு ஜோடி 39 அடி. மனை கொஞ்சம் சாய்வு. தரகர் இரண்டையும் பெருக்கி 1,638 சதுர அடி என்று விலை பேசியிருக்கிறார். “குறுக்கே அளந்தியா?” என்றேன். அளந்திருந்தான், மூலைக்கு மூலை 45 அடி. மூலைகள் செங்கோணமாக இருந்தால் அது 57 அடிக்கு மேல் இருக்க வேண்டும். 39, 42, 45 பக்கமுள்ள முக்கோணங்கள் இரண்டு. ஒன்பதாம் வகுப்பு ஹெரான் சூத்திரம் போட்டால் ஒன்று 756. இரண்டும் சேர்ந்து 1,512. இல்லாத இடம் 126 சதுர அடி. சதுர அடி 2,000 ரூபாய் என்று பேசியிருந்தான். ஆக 2,52,000 ரூபாய் காற்றுக்குக் கொடுக்கிறான். பாயசம் குடித்துக்கொண்டே அவன் சொன்ன பதில்: “விடு அக்கா, ராசியான மனை.”

சுரைக்காய் விலை இரண்டரை லட்சம் என்று அந்தப் பக்கத்து இலைக்காரரிடம் சொல்ல நினைத்தேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

ஜி.எஸ்.டி. கதையும் இதேதான். 18 சதவீத வரி சேர்த்து 1,180 ரூபாய்க்கு பில். வரி இல்லாத விலை என்ன என்று கேட்டால், 1,180-ல் 18 சதவீதத்தைக் கழித்து 967 ரூபாய் 60 காசு என்கிறார்கள். விலை 1,000 ரூபாய். எக்ஸ் என்று ஒன்றை வைத்துக்கொண்டால் ஒரே வரிக் கணக்கு. அந்த எக்ஸைத்தான் நாம் கேலி செய்து துரத்திவிட்டோமே!

சரி, தேர்விலாவது யோசிக்கவைக்கும் கேள்வி கேட்கலாமே என்றால், அதற்கும் சண்டை. 28-ஆவது கேள்வியும் 42-ஆவது கேள்வியும் கட்டாயக் கேள்விகள். அதில் எண்ணையோ படத்தையோ கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டால், அன்று சாயங்காலமே “புத்தகத்துக்கு வெளியே இருந்து கேட்டுவிட்டார்கள், கருணை மதிப்பெண் வேண்டும்” என்று குரல் கிளம்பும். குரல் கொடுப்பவர்களில் எங்கள் ஆசிரியர்களே முன்னால் நிற்பார்கள். புத்தகத்தில் இருக்கிற எண்ணுக்கு மட்டும் பொருந்துவதற்கு இயற்கணிதம் எதற்கு? விடைப்பட்டியல் போதுமே.

நான் கேட்பது ஒன்றும் ஆகாத காரியம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதத்தை முழுதாகக் கணக்கு டீச்சரிடம் விட்டுவிடுங்கள். போர்ஷன் கேட்காதீர்கள். சமன் குறி, மைனஸ், பின்னம், மாறி, இந்த நாலையும் உட்கார்ந்து செய்கிறோம். எட்டு மதிப்பெண் வரைபடத்தில் 4.5-ல் ஒய் என்ன என்று துணைக்கேள்வி ஒன்று வையுங்கள். தேற்றத்துக்கு வேறு எழுத்தில் படம் கொடுங்கள். முதல் வருடம் தேர்ச்சி குறையும். குறையட்டும், எது தெரியவில்லை என்றாவது நமக்குத் தெரியுமே.

நடக்காது என்று தெரியும். முடிவு வெளியாகும் அன்று எத்தனை சதவீதம் என்று கேட்டுப் போன் வரும். இந்தத் தடவையும் நூறு சதவீதம் என்றுதான் சொல்வேன். அது பொய்யாக இருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.