மணல் மட்டுமா கடற்கரை?

கடல் அரித்துச் சென்ற கரையில் புதுமணலைக் கொட்டிப் பரப்பிவிட்டால் கடற்கரை மீண்டுவிட்டது என்று கருதுவோர் பலர். கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் குழாய்வழியே கரையில் இறைத்து, இயந்திரங்களால் சமன்செய்தபின், பணி இனிதே நிறைவுற்றதாக அறிவிக்கப்படுகிறது. மீண்டது மணல், கடற்கரை மீண்டதா என்று வினவுவோர் மிகச் சிலரே.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியர், ஆங்கு வாழும் விலங்கையும் புள்ளையும் மரத்தையும் கருப்பொருளுள் வைத்தார். கருப்பொருள் அற்ற வெறுமணலை நெய்தல் என்று எந்தத் தமிழாசிரியரும் ஒப்பமாட்டார். வகுப்பறையில் ஒப்பாத ஒன்றை வாழ்க்கையில் மட்டும் ஒப்புவது எங்ஙனம்?

அலை வந்து மீளும் ஈரமணலுக்குள் சிறு நண்டுகளும் மட்டிகளும் புழுக்களும் நிறைந்துள்ளன. வடபுலத்திலிருந்து வலசை வரும் உள்ளான்கள் இவற்றைத் தின்றே உடல்வலுப் பெறுகின்றன. மணல் கொட்டப்படும் நாளில் இவ்வுயிர்களுள் பெரும்பாலானவை புதையுண்டு மடிகின்றன. கொட்டியது பழைய மணலை ஒத்ததாயின் சில திங்களில் அவை மீண்டும் குடியேறக்கூடும். சேறும் ஓட்டுத்தூளும் கலந்ததாயின் ஆண்டுகள் பல கழிந்தும் முழுமையாக மீளாமற் போகலாம். மணல் தோண்டப்பட்ட கடலடிக்கும் இதே கேடுதான். கலங்கிய நீரின் வண்டலோ அருகிலுள்ள கடற்புல்லையும் பவளத்தையும் மூடுகிறது.

ஆமையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இயந்திரங்களால் இறுகிய மணலில் தாயாமையால் குழி தோண்ட இயலாது. அலை அறுத்த செங்குத்தான மணற்சுவர் அதன் வழியை மறிக்கும். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது; வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளே மிகும். திரங்கானுவின் ரந்தாவ் ஆபாங்கில் ஏழுவரி ஆமையின் முட்டைகளைக் காக்க அமைத்த பொரிப்பகங்களிலேயே, மணல் வெப்பம் மிகுந்தமையால் ஏறத்தாழ எல்லாமே பெண் குஞ்சுகளாகப் பிறந்ததை 1990களில் ஆய்வாளர் கண்டனர். 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் கண்ட கரை அது. முட்டை எடுப்பும் மீன்வலையும் அவ்வினத்தை அழித்த முதற்காரணங்கள் என்பது உண்மையே. எனினும், மணலின் இயல்பறியாத நல்லெண்ணம் அவ்வினத்தைக் காக்கப் போதவில்லை என்பதும் உண்மையன்றோ?

"கரையே இல்லையெனில் ஆமை எங்கே முட்டையிடும்?" என்பர் எதிர்வாதம் புரிவோர். தக்க கேள்விதான். மலேசியக் கடலோரத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாவதாக 1985ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. ஆகவே மணல் கொட்டுதலே கூடாது என்பது வாதமன்று. யாருக்காக, எம்மணலை, எப்பருவத்தில் கொட்டுவது என்பதே வாதம். உல்லாசப் பயணியின் நாற்காலிக்கு இடம் தேடுவோர் ஆமையைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

செய்ய இயலாததை எவரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் முட்டையிடும் பருவத்தைத் தவிர்க்கவும், இறுகிய மணலை உழுது தளர்த்தவும், மணற்சுவரைச் சமன்செய்யவும் விதிகள் உள்ளன. நெதர்லாந்து 2011இல் 2 கோடியே 15 இலட்சம் கன மீட்டர் மணலை ஓரிடத்திலேயே குவித்தது. காற்றும் அலையும் நீரோட்டமும் அதனைக் கரைநெடுகப் பரப்பும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயிர்களைப் புதைக்கும் நிலை குறையும் என்பதே அதன் நோக்கம்.

அறிவு பரவினால் முடிவுகளும் மாறும். சிங்கப்பூரின் உபின் தீவிலுள்ள செக் ஜாவா நிலமீட்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தன்னார்வலர் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்துக் காட்டினர். மக்கள் திரண்டு சென்று கண்டனர். 2001 டிசம்பரில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

கடற்கரையைப் பற்றிக் கட்டுரை வரையும் மாணவர் செங்கதிரையும் இளந்தென்றலையும் பாடி முடிக்கின்றனர். இனி அவர்கள் காலடி மணலையும் சற்றே கிளறிப் பார்க்கட்டும். அதனுள் உயிர் அசைகிறதா என்று பார்க்கக் கற்பிப்பதும் தமிழாசிரியரின் கடமையே. அசைவில்லையேல் அது கடற்கரையன்று, கடலோரத்து மணற்கிடங்கு.