வாடகையில் மிச்சம், பஸ்சில் காலி! தூத்துக்குடி வேலைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வீடு கட்டுப்படியாகுமா?

(நமது நிருபர்)

ஸ்ரீவைகுண்டம்:

தூத்துக்குடியில் வேலை கிடைத்துவிட்டது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலையோ, கண்டெய்னர் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலையோ, சிப்காட்டில் ஷிப்ட் வேலையோ, ஏதோ ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாளே கேள்வி கிளம்புகிறது. குடியிருப்பது எங்கே?

"அங்கே போய் வாடகைக்கு இருந்தா சம்பளம் அதுக்கே சரியாப் போயிரும். நம்ம ஊர்ல இருந்துக்கிட்டே பஸ்ல போயிட்டு வந்திரலாம்" என்பார் அப்பா. "தினம் அலைஞ்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்பார் அம்மா. ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சு இது.

யார் சொல்வது சரி? பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மணிக்கு 41 ரூபாய் கூலி!

வாடகை தெருவுக்குத் தெரு மாறும், மாடிக்கு மாடி மாறும். ஆகவே கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் ஒரு சின்னக் குடும்பம் இருக்க 8 ஆயிரம். அதே அளவு வீடு ஸ்ரீவைகுண்டத்தில் 4 ஆயிரம். வித்தியாசம் 4 ஆயிரம் ரூபாய்.

இங்கிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை உயர்த்தி, பிறகு கொஞ்சம் குறைத்தார்களே, அப்போது சாதாரண மப்சல் பஸ்சுக்கு வைத்தது கிலோமீட்டருக்கு 58 பைசா. 40 கிலோமீட்டருக்கு 23 ரூபாய் 20 பைசா. ஸ்டேஜ் கணக்கு, சில்லறை எல்லாம் சேர்த்து 25 ரூபாய் என்று வையுங்கள். போக வர 50. மாதம் 26 நாளைக்கு 1,300 ரூபாய்.

4,000-த்தில் 1,300 போக மிச்சம் 2,700 ரூபாய். அப்பா ஜெயித்துவிட்டார் என்று தோன்றும்.

பொறுங்கள். பஸ்சுக்காக நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு ஒன்றேகால் மணியாவது ஆகும். போக வர இரண்டரை மணி. 26 நாளைக்கு 65 மணி நேரம். அதாவது மாதத்தில் எட்டு நாள் வேலை நேரத்தை பஸ்சிலேயே கழிக்கிறோம். அந்த 65 மணிக்குக் கிடைக்கிற கூலிதான் 2,700 ரூபாய். மணிக்கு 41 ரூபாய் 50 பைசா!

"பஸ் எதுக்கு? பைக் இருக்கே" என்று ஒரு தம்பி சொல்லலாம். தினம் 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றாலும் 1.6 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே நாளைக்கு 160 ரூபாய். 26 நாளைக்கு 4,160. வாடகையில் மிச்சம் பிடித்த 4 ஆயிரமும் டேங்கில் போய், கையிலிருந்து வேறு 160 ரூபாய் போடவேண்டும். டயர், ஆயில், சர்வீஸ் எல்லாம் தனி.

ஆகவே பஸ்சில் போனால் லாபம், பைக்கில் போனால் நட்டம். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெண்களுக்கு வேறு கணக்கு

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் அது டவுன் பஸ் போகிற தூரம் வரைதான். மப்சல் பஸ்சில் ஏறினால் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

இதனால் ஜவுளிக்கடைக்கோ ஆபீசுக்கோ போகிற பெண்ணுக்கு வீடு பார்க்கிற கணக்கே மாறிவிடுகிறது. கோரம்பள்ளம், புதுக்கோட்டை, முத்தையாபுரம் என்று டவுன் பஸ் ஓடுகிற பக்கம் குடியிருந்தால் பஸ் செலவு பூஜ்யம். பிரையண்ட் நகர், சிதம்பர நகர், டூவிபுரம் என்று ஊருக்குள் இருந்தால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஜார் எல்லாம் நடக்கிற தூரம். அந்த வசதிக்கு வாடகையில் விலை வைத்துவிடுகிறார்கள். முத்தையாபுரம் பக்கம் ஸ்பிக், தெர்மல், ஹார்பர் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. கலெக்டர் ஆபீசில் வேலை என்றால் கோரம்பள்ளத்தை விட்டு நகரவே வேண்டாம்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது வாடகையை அல்ல. "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது அண்ணாச்சி?" என்று கேளுங்கள். தூத்துக்குடியில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீரை நம்பித்தான் இருக்கவேண்டும். அதுவும் தாமிரபரணித் தண்ணீர்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. 1870-களில் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணைதான் தாமிரபரணியின் கடைசி அணை. இந்த அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காகப் போட்ட திட்டத்தின் அளவு நாளைக்கு 20 மில்லியன் காலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர். "எங்க வயலுக்குத் தண்ணி இல்லையே" என்று விவசாயிகள் சண்டை போட்டு, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நம் ஊர்த் தண்ணீருக்கு அங்கே போக நேர்வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்குத்தான் பஸ்சில் இடம் பிடிக்கவேண்டியிருக்கிறது!

குவார்ட்டர்ஸ் போன கதை

அந்தக் காலத்தில் வேலைக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இவ்வளவு இல்லை. தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலையில். ஸ்பிக் உரத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது 1975-ல். அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது 1979-ல். வேலையோடு வீடும் வந்தது. துறைமுகக் குடியிருப்பு, ஸ்பிக் நகர், தெர்மல் நகர், கனநீர் ஆலைக் குடியிருப்பு என்று ஊருக்குத் தெற்கேயும் மேற்கேயும் தனித்தனிக் காலனிகள் எழும்பின. உள்ளேயே பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், வேப்பமரம். குவார்ட்டர்ஸ் கிடைத்த மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் மவுசே தனி.

இப்போது அதே வாசல்களுக்குள் போகிறவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது. காண்டிராக்டர் மாறினால் வேலையே இருக்குமா என்று தெரியாதவன் எந்த தைரியத்தில் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிப்பான்? ஊரில் இருந்து போய் வருவதுதான் அவனுக்குப் பத்திரம். 2025 ஆகஸ்டில் சிப்காட்டில் வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. வேலை வருகிறது, சந்தோஷம். வேலைக்கு வருகிறவன் ராத்திரி எங்கே படுப்பான் என்பதையும் யாராவது யோசித்தால் நல்லது.

பத்தில் ஒன்றா, மூன்றா?

மத்திய அரசு குமாஸ்தாக்களின் சங்கடம் வேறு மாதிரி. வீட்டு வாடகைப் படிக்காக ஊர்களை மூன்று ரகமாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை முதல் ரகம். கோவை, மதுரை, திருச்சி, சேலம் இரண்டாம் ரகம். தூத்துக்குடியும் ஸ்ரீவைகுண்டமும் கடைசி ரகம். 2024 ஜனவரி முதல் படி முறையே 30, 20, 10 சதவீதம்.

அடிப்படைச் சம்பளம் 30 ஆயிரம் வாங்குகிற ஒருவருக்குச் சென்னையில் 9 ஆயிரம், தூத்துக்குடியில் 3 ஆயிரம். தூத்துக்குடி மாநகராட்சி ஆனது 2008-ல். படி கொடுக்கிற கணக்கிலோ அது இன்னும் ஸ்ரீவைகுண்டம் பேரூராட்சியோடு ஒரே வரிசையில் நிற்கிறது. 3 ஆயிரத்துக்கு அங்கே குடும்பத்தோடு இருக்க வீடு கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் கோபப்பட மாட்டார், சிரிப்பார்.

"அப்போ சென்னைக்கே மாற்றல் வாங்கிட்டுப் போயிரலாமே?" என்றால் அங்கேயும் இதே கதைதான், பெரிய எழுத்தில். மயிலாப்பூரில் வாடகை கட்டுப்படியாகாதவர் வேளச்சேரிக்குப் போகிறார். அங்கேயும் முடியாதவர் தாம்பரம், அதையும் தாண்டி கூடுவாஞ்சேரி. ஒவ்வொரு ஸ்டேஷன் தள்ளிப் போகிறபோதும் வாடகை இறங்கும், ரெயிலில் நிற்கிற நேரம் ஏறும். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே மின்சார ரெயில் காலை முதல் ராத்திரி வரை அடுத்தடுத்து ஓடுகிறது.

நம் பக்கத்து ஆட்கள் தாம்பரம் சுற்றுவட்டாரத்தைத் தேடிப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முத்துநகர் எக்ஸ்பிரசும் செந்தூர் எக்ஸ்பிரசும் தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபிறகு தென் மாவட்ட பஸ்களுக்கும் அதுதான் வாசல். பெரம்பூரில் குடியிருக்கிறவர் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பினால், கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதே ஒரு தனிப் பயணம்.

சென்னையில் அட்வான்ஸ் 10 மாத வாடகை என்பது நீண்ட நாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், பொதுவாக 3 மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யவும் சொல்கிறது. தூத்துக்குடிக்கும் இந்தச் சட்டம் உண்டு. கூடுதலாகக் கேட்கிற வீட்டுக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டதைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, தனி மின்சார மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. இல்லாவிட்டால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் கட்டணம்.

தண்டவாளம் போகிற திசை

சென்னைக்காரனுக்கு இருக்கிற ரெயில் நமக்கு இல்லையா? இருக்கிறது. எதிர்த் திசையில் இருக்கிறது!

திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை 1923-ல் வந்தது, 2008-ல் அகலப்பாதை ஆனது. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறினால் சுமார் 30 கிலோமீட்டரில் நெல்லை. தூத்துக்குடிக்கு 1876-லேயே ரெயில் வந்துவிட்டது. ஆனால் அது மணியாச்சி வழி. ரெயிலில்தான் தூத்துக்குடிக்குப் போவேன் என்று அடம்பிடித்தால் நெல்லைக்குப் போய், மணியாச்சிக்குப் போய், அப்புறம் தூத்துக்குடி. 40 கிலோமீட்டருக்குப் பதில் சுமார் 90 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

மாவட்டத் தலைநகரம் ஒரு பக்கம், தண்டவாளம் இன்னொரு பக்கம். 1986-ல் நெல்லையிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது ஸ்ரீவைகுண்டம் தூத்துக்குடியோடு போனது. ரெயில் மட்டும் நெல்லையை விட்டு வரவில்லை. அதனால்தான் பாளையங்கோட்டையில் கடையிலோ ஆபீசிலோ வேலை பார்ப்பவருக்கு, ரெயில் நேரம் ஒத்துப்போனால், ஸ்ரீவைகுண்டம் வீடு நல்ல லாபம். தூத்துக்குடியில் வேலை பார்ப்பவருக்கு பஸ்தான் கதி.

மழை வந்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கி, இரண்டு இரவுகள் தவித்தார்கள். தூத்துக்குடியிலோ பக்கிள் ஓடை ஒரு பக்கம் திணற, மழை நின்ற பிறகும் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர். தரைவீடு மலிவாகக் கிடைத்தால் முண்டியடித்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ராத்திரி 10 மணிக்கு மேல்

ஷிப்ட் வேலை என்றால் காலை 6, பகல் 2, இரவு 10. இரவு 10 மணிக்கு வேலை முடிந்து, கை கால் கழுவி, கேட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே வருகிறவனுக்கு ஊருக்கு பஸ் வேண்டும். ராத்திரியானால் பஸ் குறைந்துவிடுகிறது. அடுத்த பஸ் வருமோ வராதோ என்று நிற்கப் பயந்துதான் பலர் பைக் வாங்குகிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று செய்தி எடுப்பது இந்த நிருபரின் தொழில். ராத்திரி நேரத்தில் பைக், லாரி, இடம், வயது, "வேலை முடிந்து வீடு திரும்பியபோது" என்ற ஒரு வரி. பேரையும் ஊரையும் மாற்றினால் போதும், செய்தி தயார் என்கிற அளவுக்கு இது பழகிவிட்டது. பாளையங்கோட்டை ரோடு நான்குவழிச் சாலை ஆனபிறகு கண்டெய்னர் லாரிகள் போகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பதினாறு மணி நேரம் விழித்திருந்த கண்ணோடு அந்த ரோட்டில் பைக் ஓட்டுவது எப்படிப்பட்டது என்று.

இதற்குப் புது ரெயில்பாதை வேண்டாம், கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். ராத்திரி 10½ மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து சாயர்புரம் வழியாக ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு சாதாரண பஸ், தவறாமல் தினமும். காலை 6 மணி ஷிப்டைப் பிடிக்க விடிவதற்கு முன் இங்கிருந்து ஒன்று. போக்குவரத்துக் கழகம் இந்த இரண்டு நடையை நிச்சயமாக ஓட்டினால், மேலே போட்ட கணக்கில் மாதம் 4,160 ரூபாய் பெட்ரோல் என்பது 1,300 ரூபாய் டிக்கெட் ஆகிவிடும். அப்பா சொன்ன கணக்கு அன்றைக்குத்தான் சரிப்படும்.