கோடாங்கியின் கணக்கு எங்கே?

மதுரைச் சீமையில் குழந்தை வெளுத்து, காய்ச்சல் ஓயாமல், அடிபடாமலே உடம்பு கன்றிப்போனால் நம்மவர்கள் முதலில் தேடுவது கோடாங்கியைத்தானே?

பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி பார்பர் 1948-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். சென்னையில் வைத்தியம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் கோஷ்டியார் செய்த அமினோப்டெரின் மருந்தை, இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகள் தேறின. அதுவும் தற்காலிகமே என்று அவரே அச்சிட்டார். குறையை மறைக்காததால் பின்வந்தோர் பல மருந்துகளைச் சேர்த்துத் திருத்தினர். இன்று முன்னேறிய நாடுகளில், குழந்தைகளிடம் அதிகம் காணும் இரத்தப் புற்றுநோயில் 100-க்குச் சுமார் 90 பேர் பிழைக்கின்றனர்.

திருநீறு பலிக்காத கணக்கை எந்தக் கோடாங்கி காட்டினான்? பழியைப் பெற்றவள் பாவத்தின்மேலல்லவா போடுகிறான்! ஆகவே, உடுக்கைக்குக் கொடுக்கும் நாட்களைப் பெரியாஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்கிறோம்.