ஆயில் சீலை மாற்றினால் மட்டும் போதுமா?

சேடை உழவுக்குப் பின் ரோட்டவேட்டரின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தால், ஆயில் சீல் போய்விட்டது என்கிறோம். புது சீல் போடுகிறோம். சில நாளில் மறுபடியும் கசிகிறது. உடனே, கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று குறை கூறுகிறோம். மட்டமான சரக்கும் உண்டு என்பது உண்மையே. ஆனால் பல சமயம் குற்றம் சீலில் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பதே நம் கருத்து.

ஆயில் சீல் என்பது இரும்பு வளையத்தோடு சேர்த்து வார்த்த ரப்பர். அதன் உள்விளிம்பை ஒரு மெல்லிய ஸ்பிரிங் ஷாஃப்டின் மேல் லேசாக அழுத்திப் பிடிக்கிறது. விளிம்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அது கலைந்தால் கசிவுதான்.

முதலில் ஷாஃப்டைப் பாருங்கள். ரப்பர் ஓடும் இடத்தில் மணலும் சேறும் சேர்ந்து இரும்பையே அறுத்துவிடும். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளத்தில் எந்தப் புது சீலும் நிற்காது. இடமிருந்தால் சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தலாம். இல்லையேல் லேத் பட்டறையில் ஸ்லீவ் போட வேண்டும். நசரத்பேட்டை, பூந்தமல்லி விவசாயிகளுக்கு இதற்கு அம்பத்தூர் பக்கமே போதும்.

அடுத்தது பேரிங். அது தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் ரப்பர் அந்த ஆட்டத்துக்கு ஈடு கொடுக்காது. மூன்றாவது, கியர்பாக்ஸின் காற்றுத் துளை. அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் கசியும். நான்காவது, பொருத்தும் முறை. சுத்தியலால் ஒரு பக்கம் தட்டினால் சீல் கோணும். விளிம்பில் எண்ணெய் தடவாமல் மாட்டினால் முதல் சுற்றிலேயே ரப்பர் கருகும். ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் நைலான் கயிறும் சீலை அறுப்பதையும் மறக்கக் கூடாது. உழவு முடிந்ததும் அவற்றை அறுத்தெடுப்பது ஐந்து நிமிட வேலை.

பழைய சீலைத் தூக்கி எறியாதீர்கள், அதுவே சாட்சி. விளிம்பு இறுகி வெடித்திருந்தால் சூடு காரணம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது அல்லது சீல் கோணியிருக்கிறது. கீறல் இருந்தால் மாட்டும்போது அறுபட்டிருக்கலாம்.

ஒழுகும் எண்ணெய் பெரிய நஷ்டமல்ல. எண்ணெய் வெளியேறும் வழியே சேற்று நீர் உள்ளே நுழையும் வழி. எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதன்பின் பேரிங்கும் பல்சக்கரமும் தப்புவது அரிது. நடவுக்கு நாள் குறித்த வேளையில் இயந்திரம் பட்டறையில் கிடந்தால் நாற்று முற்றிப் போகும்.

ஆகவே மெக்கானிக்குகள் சீலோடு ஷாஃப்டையும் பேரிங்கையும் பார்த்துச் சொல்ல வேண்டும். விவசாயிகளும் கேட்டு வாங்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையினர் தம் பயிற்சிகளில் ஒரு பழைய ஷாஃப்டை வைத்து இதைச் செய்து காட்டினால், சிறு விவசாயிக்குப் பெரிய உதவியாக இருக்கும்.