‘ஒண்ணுமில்ல தம்பி’ என்று எத்தனை நாள் சொல்வது?

கீரமங்கலத்தில் பூக்கடைகள் பரபரப்பாக இருக்கும் காலை நேரத்தில், புதுக்கோட்டை பேருந்துக்கு நிற்பவர்களில் கையில் மருத்துவமனை ஃபைலும் இடுப்பில் பிள்ளையுமாக நிற்கும் பெற்றோரும் உண்டு. ரத்தப் புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, தலசீமியா, முதல் வகை சர்க்கரை நோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். புதுக்கோட்டையில் முடியாவிட்டால் தஞ்சாவூர், அதுவும் முடியாவிட்டால் சென்னை. வழியில் ‘எனக்கு என்னம்மா?’ என்று பிள்ளை கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: ‘ஒண்ணுமில்ல தம்பி, சரியாப் போயிரும்.’

அன்பில் சொல்லும் பொய்தான் அது. ஆனால் பிள்ளை அதை நம்புவதில்லை என்பதுதான் சிக்கல்.

பிள்ளைகளுக்குத் தெரியுமா?

தெரியும். அமெரிக்க மானுடவியலாளர் மைரா ப்ளூபாண்ட் லாங்னர், ரத்தப் புற்றுநோய் பாதித்த சிறு குழந்தைகளோடு பழகி, 1978-இல் ஒரு நூல் எழுதினார். யாரும் சொல்லாமலேயே தங்கள் நிலைமை அந்தக் குழந்தைகளுக்குப் புரிந்திருந்தது. பெற்றோர் வருந்தக் கூடாது என்று தெரியாததுபோல் இருந்தார்கள். பெரியவர்கள் பிள்ளைக்காக நடிக்க, பிள்ளை பெரியவர்களுக்காக நடிக்கிறது.

மனசுக்குள் என்ன நடக்கிறது?

சின்னப் பிள்ளைகள், ‘நான் சேட்டை பண்ணதுனாலதான் சாமி ஊசி போட வச்சிருச்சு’ என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வரலாம். பதின்ம வயதினருக்கு முடி கொட்டுவதும், வகுப்பில் பின்தங்குவதும் நோயைவிடப் பெரிதாகத் தெரியும். கேலிக்குப் பயந்து இன்சுலின் ஊசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ‘அடம் பிடிக்கிறான்’ என்று திட்டுகிறோம். அது அடமல்ல, பயம். மனம் சோர்ந்தால் மருந்தும் தவறும். ஆகவே மனநலம் சிகிச்சையின் ஒரு பகுதி.

உண்மையைச் சொன்னால் உடைந்துவிடாதா?

ஸ்வீடனில் பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாமல் விட்டவர்களில் 27 சதவீதத்தினர் வருந்தினர். மரணத்தையே பேச முடிகிறது என்றால், குணமாகக்கூடிய நோயைப் பற்றிப் பேச ஏன் தயங்க வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. நோயின் பெயரைச் சொல்லலாம். ‘இது உன் தப்பு இல்ல’ என்று சொல்லலாம். ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லலாம். ‘உனக்கு எது பயமா இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுக்கலாம்.

உதவி எங்கே?

14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘செத்துப் போயிட்டா நல்லாருக்கும்’ என்று ஒருமுறை சொன்னாலும் அன்றே சொல்ல வேண்டும். அரசு மனநல சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை.

ஆனால் எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்டக் கூடாது. பிள்ளைக்காக ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு என்ற நிலையில் இருப்பவர்கள் அவர்கள். தொடர் சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் எடை பார்ப்பதுபோல மனநிலையையும் கேட்பது மருத்துவமனையின் வழக்கமாக வேண்டும். பல மாதம் கழித்துத் திரும்பும் மாணவனை வரவேற்க, வகுப்பை முன்கூட்டியே தயார் செய்வது ஆசிரியரின் வேலையாக வேண்டும்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்துதான் 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை உருவாக வழிசெய்தார். உடலுக்கு மருந்து தேடிய அந்த மண்ணில், பிள்ளையின் மனசுக்கும் ஒரு கேள்வி கேட்க ஆள் வேண்டும்.